பின்வளவு வேலியைப் பிரிக்கும் முன்

பின்வளவு வேலி விழுந்துவிட்டது, இனி என்ன அடைக்கலாம் என்று முசலிப் பக்கம் யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் மதில். காசு போதாவிட்டால் தகரம். அதற்கும் வழியில்லாவிட்டால் நாலு வரி முட்கம்பி இழுத்து, அதன் மேல் கடலுக்கு உதவாத பழைய வலையைச் சுற்றிவிடுவது. எதைத் தேர்ந்தாலும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: காட்டிலிருந்து ஒன்றும் உள்ளே வரக்கூடாது. கொண்டச்சியில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பயம் வெறும் மனப்பயம் இல்லை. தெற்கே மறிச்சுக்கட்டியும் முள்ளிக்குளமும் தாண்டினால் மோதரகம் ஆறு. ஆற்றுக்கு அப்பால் 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்த வில்பத்து. யானைக்கு அந்த ஆறு ஒரு எல்லையே இல்லை. பன்றி, முள்ளம்பன்றி, உடும்பு, பாம்பு எல்லாம் வளவுக்கு வளவு நடமாடுகிற பூமி இது. இருந்தும், மேலே சொன்ன எந்த அடைப்பும் அது எதற்காகப் போடப்படுகிறதோ அந்தக் காரியத்துக்கே உதவாது என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. யானையை மறிக்க ஒரு வீட்டுக்காரரின் வேலியால் ஆகாது, அது ஊர் கூடிப் போடவேண்டியது. பாம்பை மறிக்க எந்த வேலியாலும் ஆகாது, அதற்கு வளவுக்குள் செய்யவேண்டிய வேலை வேறு. இந்த இரண்டையும் பின்வளவு வேலியின் தலையில் சுமத்தாமல் விட்டால், அதற்கு மிஞ்சுவது ஆடு மாட்டை மறிப்பதும், வீட்டுக்கு மறைப்புக் கொடுப்பதும், காற்றை உடைப்பதும். இந்த மூன்றுக்கும் கதியால் வேலியை விஞ்சியது இன்னும் வரவில்லை.

இந்த ஊரில் வேலியைப் பற்றிப் பேசும்போது 1990ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த வருடம் ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முசலியின் முஸ்லிம் ஊர்களும் வெறுமையாகின. கடல் வழியாகக் கற்பிட்டிக்கும் அங்கிருந்து புத்தளத்துக்கும் போனவர்கள், 2009இல் போர் முடிந்த பிறகே திரும்பி வரத் தொடங்கினார்கள். இடையில் கிட்டத்தட்ட இருபது வருடம். வேலி வருடா வருடம் ஆள் கை படவேண்டிய பொருள். ஓலை இரண்டு மாரிக்கு மேல் தாங்காது. கதியாலின் தலையை வெட்டாமல் விட்டால் அது மரமாகிவிடும். ஆளில்லாத வளவுகளில் ஓலை உக்கி மண்ணாகி, கதியால் மரமாகி, உடையும் விடத்தலும் ஈச்சையும் சூரையும் கிணற்றடி வரைக்கும் வந்து சேர்ந்தன. பற்றை வந்த இடத்துக்கு அதில் வாழ்கிற உயிர்களும் வந்தன. திரும்பி வந்த குடும்பங்களுக்கு அது பாட்டன் பூட்டன் இருந்த வளவு; அந்த உயிர்களுக்கோ பல தலைமுறை பிறந்து வளர்ந்த இடம். காடழித்தார்கள் என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவியபோது, தங்கள் சொந்த வளவில் முளைத்த பற்றையைத் துப்புரவாக்கித்தான் இவர்கள் வீட்டு வாசலைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பதைக் கேட்கப் பலருக்குப் பொறுமை இருக்கவில்லை. அந்த அநியாயத்தை நான் மறக்கவில்லை. ஆனால் அதை மறக்காமல் இருந்துகொண்டே, இப்போது வளவுக்குள் தலைகாட்டுகிற உயிர் எங்கிருந்தோ படையெடுத்து வந்தது இல்லை, அது இங்கேயே இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். புது வேலி எப்படி இருக்க வேண்டும் என்ற தீர்மானம் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரிவரும்.

ஒரு பழைய வேலியைக் கிட்ட நின்று பாருங்கள். முழத்துக்கு ஒன்றாகக் கதியால் நிற்கும். நெடுக்கே இரண்டு மூன்று வரிச்சு. வரிச்சோடு ஓலையை வைத்து, ஒருவர் உள்ளே இருந்தும் ஒருவர் வெளியே இருந்தும் குத்தூசியை வாங்கி வாங்கி நார் கோத்து இறுக்கிய கட்டு. மண்ணைத் தொடுகிற ஓலை முதல் மாரியிலேயே கறுத்துவிடும். கறையான் அதன் மேல் மண் பூசி ஏறும். அந்த ஓலையை எடுக்காமல் அதன் மேலேயே அடுத்த வருடத்து ஓலையைச் சாத்தினால், சில வருடத்தில் அடிப்பக்கம் ஒரு சாண் தடிப்புக்கு மெத்தை போல ஆகிவிடும். கறையானைத் தின்ன அரணையும் ஓணானும் வரும். ஈரம் ஒதுங்கிய பக்கம் தேள் கிடக்கும். மெத்தைக்குள் எலி குட்டி போடும்; எலியின் மணம் பிடித்துச் சாரையோ நாகமோ வரும். மேலே கதியாலின் இலை அடர்ந்த இடத்தில் புலுனி கூடு கட்டும். செண்பகம் வேலியோரமாகவே நடந்து நடந்து பூச்சியிலிருந்து சின்னப் பாம்பு வரை பொறுக்கும். கீரி வெட்டவெளியைக் குறுக்கறுக்க விரும்பாமல் வேலியின் நிழலை நீளத்துக்குப் பாதையாக்கிக்கொள்ளும். ஒரு கறையான் புற்றிலிருந்து கீரி வரைக்கும் ஒன்றை ஒன்று பிடித்துத் தொங்குகிற ஒரு குடித்தனம் அந்த ஒரு சாண் அகலத்துக்குள் நடக்கிறது. ஆகவே வேலியைப் பிரிக்கிற அன்று பாம்பு ஒன்று வெளிப்பட்டால் அதில் திகைக்க ஒன்றுமில்லை. திகைக்க வேண்டியது, அத்தனை வருடமும் அது ஒருவரையும் தீண்டாமல் அங்கேயே இருந்தது என்பதற்குத்தான்.

இந்த இடத்தில் உடனே எழும் மறுப்பு நியாயமானது. பாம்புக்கடி சின்ன விஷயமா? இல்லை. இலங்கை முழுவதற்குமாக 2012–13இல் வீடு வீடாகப் போய் எடுத்த கணிப்பின்படி ஒரு வருடத்தில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களில் 30,000 பேருக்கு மேல் நஞ்சு ஏறுகிறது. 460 பேர் அளவில் சாகிறார்கள். வைத்தியசாலைக் கணக்கில் தெரிவதைவிட இது கூடுதல். வறண்ட வலயத்துக் கிராமத்தில் பிள்ளை வைத்திருக்கிற ஒரு தாய் மதில் கட்டுவோம் என்று சொன்னால் அவரைப் பார்த்து இயற்கையைப் பற்றி வகுப்பெடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் எந்தப் பாம்பு, எந்த நேரத்தில், எங்கே கடிக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் மதிலின் பயன் கரைந்துபோகிறது. கண்ணாடிப் புடையன் பெரும்பாலும் வயலிலும் வரம்பிலும் பொழுதுபட்ட ஒற்றையடிப் பாதையிலும் மிதிபடுகிறது; அங்கே வீட்டு மதில் இல்லை. சுருட்டை மணலும் கல்லும் உள்ள வறண்ட தரையில் கிடக்கிறது. எட்டடி விரியன் என்கிற கட்டுவிரியன்தான் வீட்டுக்குள் வருவது. அது இரவில் வருகிறது. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை நித்திரையிலேயே தீண்டுகிறது. கடித்த தடம்கூடச் சரியாகத் தெரியாமல் விடிய முன்னர் மூச்சுத் திணறுகிறது. அந்தப் பாம்புக்கு மதில் ஒரு தடையில்லை. கேற்றுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி, தண்ணி போகிற துவாரம், பூசாத கல்லின் வெடிப்பு, இதில் ஏதாவது ஒன்று போதும் அதற்கு. அதைத் தடுப்பது கட்டிலும், பாய்க்கடியில் செருகிய நுளம்பு வலையும். நேபாளத்தின் தென்கிழக்கில் நடந்த ஓர் ஆய்வு, நுளம்பு வலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி குறைவாக இருப்பதைக் காட்டியது. மதிலுக்கு வாங்குகிற சீமெந்தில் ஒரு மூட்டைக் காசு இந்த இரண்டில் ஒன்றுக்குப் போதும்.

இன்னொன்று, பாம்பு வேலியைப் பார்த்து வருவதில்லை, எலியைப் பார்த்து வருகிறது. எலி எதைப் பார்த்து வருகிறது? நெல் மூட்டை, கோழித்தீன், பொச்சுமட்டைக் குவியல், விறகு அடுக்கு, சுவரோடு சாத்திய பழைய ஓடு. இதெல்லாம் மதிலுக்குள் இருக்கிறபோது எலிக்கும் மதில் காவல் தருகிறது. எலி மதிலில் ஏறும், அடியில் தோண்டும், கேற்றுக்குக் கீழால் போகும். கீரி பகலில் வந்து போக வசதி தேடுகிற பிராணி. அதற்குத்தான் மதில் சிரமம். இப்படிப் பார்த்தால் நாம் வேண்டாத ஒன்றை உள்ளே பூட்டி, அதைத் தின்கிற ஒன்றை வெளியே நிறுத்திவிடுகிறோம். விறகை நிலத்திலிருந்து முழம் உயர்த்தி அடுக்குவதும், கோழிக்கூட்டின் அடியை ஒவ்வொரு பின்னேரமும் கூட்டுவதும், பின்கதவிலிருந்து கக்கூசு வரைக்கும் நடைபாதையை வெறும் மணலாக வைத்திருப்பதும், கையில் ரோர்ச் இல்லாமல் இரவில் இறங்காமல் இருப்பதும்தான் பாம்புக்கு எதிரான வேலி. மணல் முற்றத்தைக் காலையில் விளக்குமாற்றால் கீறிவிடுகிற வழக்கம் நம்மிடம் எவ்வளவு காலமாக இருக்கிறது! இரவு என்ன போனது வந்தது என்று அந்தக் கீற்றின் மேல் அப்படியே எழுதியிருக்கும்.

தகரத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கடற்காற்றில் துத்தநாகப் பூச்சு கரைந்து, ஆணியடித்த இடத்திலிருந்து கறள் தொடங்கும். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் பிய்ந்து பறக்கிற தகரம் பாம்பைவிட ஆபத்து. காற்றைப் பொறுத்தவரை முழுதாக மறிக்கிற எதுவுமே நல்லதில்லை. காற்று மேலே ஏறிக் கடந்து, மறுபக்கத்தில் சுழன்று விழுகிறது. அந்தச் சுழலில்தான் வாழை கிழிகிறது. இலையும் தடியுமாகப் பாதி விட்டுப் பாதி மறிக்கிற வேலியோ காற்றின் வேகத்தைக் குறைத்து, அந்தக் குறைவைத் தூரத்துக்குக் கொண்டுபோகிறது. பனையோலை வேலி கட்டியவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை. பழைய மீன்வலை விஷயத்தில்தான் நான் கண்டிப்பாகச் சொல்வேன். கரையோர ஊர்களில் சும்மா கிடைப்பது அது என்பதால் கைக்கு முதலில் வருகிறது. நைலோன் கண்ணிக்குள் பாம்பின் தலை போகும், உடம்பின் கொஞ்சம் போகும். பிறகு பருத்த இடம் சிக்கும். பின்னுக்கு இழுக்கப் பார்த்தால் பின்னோக்கிச் சாய்ந்த செதிள்களில் நூல் மாட்டிக்கொள்ளும். முன்னும் போகாமல் பின்னும் வராமல் வெயிலில் இரண்டு மூன்று நாள் கிடந்து அது சாகிறது, அல்லது அவிழ்க்கப்போன கையைக் கடிக்கிறது. சாரை, நாகம், உடும்பு, ஓணான், சில வேளை கோழிக்குஞ்சு, எல்லாவற்றுக்கும் ஒரே கதி. உடும்பும் நட்சத்திர ஆமையும் வனசீவராசிகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை என்பதும் இங்கே நினைவில் இருக்க வேண்டும். நட்சத்திர ஆமை இந்தக் கரையோர முட்பற்றைகளுக்குரிய பிராணி. களவாகப் பிடித்துக் கடத்துகிறவர்களால் ஏற்கெனவே மெலிந்துபோனது. 2019இல் அதன் உலக வணிகமே தடைசெய்யப்பட்டது. அது நடக்கிற பாதையில் வலையைப் போட்டு வைப்பது பாவம்.

இப்போது யானை. வீட்டு மதிலை யானை மதிப்பதில்லை. உள்ளே நெல்லும் உப்பும் மணத்தால் சுவரையே தள்ளிவிட்டுப் போகிற பிராணி அது. இந்த நாட்டில் 2019 என்ற ஒரே வருடத்தில் 400க்கு மேற்பட்ட யானைகள் செத்தன, 120க்கு மேற்பட்ட மனிதர்கள் யானையால் செத்தார்கள். 2023இல் இரண்டு கணக்குமே அதையும் தாண்டின. யானைக் காட்டுக்குள் மனிதர் போனதால்தான் இந்தச் சாவு என்று கொழும்பிலிருந்து பேசுவது எளிது. பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரோடு வேலை செய்தவர்களும் 2021இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வு வேறு படத்தைக் காட்டுகிறது: இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானை நடமாடுகிறது, அப்படி நடமாடுகிற இடத்தில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். காடு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று கோடு கீறுகிற காலம் எப்போதோ போய்விட்டது. இருந்தும் பல வருடமாக மின்வேலிகள் அந்தக் கோட்டின் மேல்தான் போடப்பட்டு வந்தன. வனசீவராசிகள் திணைக்களத்துக் காணி முடிந்து வன இலாகாவின் காணி தொடங்குகிற இடத்தில் வேலி நிற்கும். இரு பக்கமும் காடு, இரு பக்கமும் யானை. அந்த வேலி எதை எதிலிருந்து பிரிக்கிறது? முசலிக்காரருக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. 2012இலும் 2017இலும் வந்த வர்த்தமானி அறிவித்தல்களால் காகிதத்தில் காட்டின் எல்லை நகர்ந்தது. 2017இல் மாவில்லு பாதுகாக்கப்பட்ட வனம் என்று ஏறத்தாழ 40,000 ஹெக்டேயர் ஒன்றாக்கப்பட்டது. ஊர்க்காரரும் சூழலியலாளரும் அதைப் பற்றி வழக்காடினார்கள், ஊர்வலம் போனார்கள். யானை அந்த வர்த்தமானியைப் படிக்கவில்லை. அது அகத்திமுறிப்புக் குளத்துத் தண்ணியையும் வயலையும் பார்த்து நடக்கிறது.

ஆகவே வேலி போடவேண்டிய இடம் யானையைச் சுற்றி இல்லை, நம்மைச் சுற்றி. குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவப் பக்கம் இந்த முறையை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். ஊரின் குடிமனைகளைச் சுற்றி ஒரு நிரந்தர மின்வேலி. வயலைச் சுற்றி இன்னொன்று; அது விதைத்தபின் எழும்பி, வெட்டி முடிந்ததும் கழற்றப்படும். கழற்றிய பின் யானை வந்து ஒட்டை மேய்ந்துவிட்டுப் போகும். அந்தச் சாப்பாடு கிடைப்பதால் வறட்சியில் அதன் அலைச்சலும் குறைகிறது. வேலியைக் காவல் செய்து, கொடி படராமல் வெட்டி, உடைந்த தூணை மாற்றுவது ஊர்க்காரரின் பொறுப்பு. யானைக்குத் தூணைத் தள்ளத் தெரியும், தந்தத்தால் கம்பியைத் தூக்கத் தெரியும். அதனால் ஆள் பாராத வேலி ஒரு வருடத்தில் செத்துவிடும். தங்கள் வீட்டு வாசலிலேயே போகிற வேலியை ஆட்கள் பார்ப்பார்கள். யானை–மனித மோதலைக் குறைக்க 2020இல் தயாரான தேசியச் செயற்றிட்டமும் இந்த முறையைத்தான் முன்வைத்தது. பருவத்துக்கு எழும்பிப் பருவத்தோடு போகிற அடைப்பு இந்தக் கரைக்குப் பழகியதும்கூட. கொண்டச்சிக்குடாவிலும் மறிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், வெறும் மணலாகக் கிடந்த கரையில் சில கிழமைக்குள் பல்லாயிரம் பேர் தங்குகிற பட்டணம் கம்பும் ஓலையுமாக எழும்பும். சிப்பியைக் குவித்துக் காவல் செய்ய அடைப்புக் கட்டப்படும். குளிப்பு முடிந்ததும் எல்லாம் பிரிக்கப்பட்டு, கரை பழையபடி கிடக்கும். 1800களின் தொடக்கத்தில் இங்கே வந்த ஜேம்ஸ் கோர்டினர் இதை விரிவாக எழுதிவைத்திருக்கிறார்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்பு, ஊர் கூடுவது எப்போது, யானை வருவது இன்றிரவு என்பது. உண்மைதான். பிரதேச செயலகத்துக்கும் திணைக்களத்துக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர்களின் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அவசரத்தில் சிலர் செய்கிற ஒரு காரியத்தை மட்டும் எந்த நிலையிலும் செய்யக்கூடாது: வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் கொடுப்பது. யானை வேலியின் இயந்திரம் கொடுப்பது நொடிக்கு ஒருமுறை, நொடியின் மிகச் சிறிய துண்டு நேரம் மட்டும் வந்து போகிற அதிர்ச்சி. தொட்டவர் கையை இழுத்துக்கொள்ள இடைவெளி இருக்கிறது. 230 வோல்ட் வீட்டு மின்சாரம் அப்படி விட்டு விட்டு வருவதில்லை, பிடித்தால் விடாது. அதில் யானை சாகிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை சாகிறது, மறந்துபோய்த் தொட்ட வீட்டுக்காரரே சாகிறார். தமிழ்நாட்டில் 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் இப்படிக் கொடுத்த கம்பியில் ஒரே இடத்தில் மூன்று பெண் யானைகள் செத்து, தாயை இழந்த குட்டிகள் அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றன. அதே வருடம் அங்கே மின்வேலிகளைப் பதிவு செய்யவேண்டும் என்ற விதிகள் வந்தன. முறையான மின்வேலியிலும்கூடக் கீழ்வரிக் கம்பி நிலத்துக்கு மிகக் கிட்ட இருக்கக்கூடாது. தென்னாபிரிக்காவில் ஆமைகள் அதில் கூட்டமாகச் சாவதைக் கண்டிருக்கிறார்கள்: அதிர்ச்சி பட்டதும் ஆமை ஓடாது, ஓட்டுக்குள் ஒடுங்கிக் கம்பியடியிலேயே நின்றுவிடும். யானைக்காகப் போடுகிற வேலிக்குக் கணுக்கால் உயரத்தில் கம்பி எதற்கு?

இனிப் பின்வளவுக்கு வருவோம். கதியாலுக்குக் கிளுவை நல்லது. முள் உள்ளது, வறட்சியில் இலையுதிர்த்து நிற்கும், முதல் மழையோடு தளிர்க்கும். கொங்கு நாட்டில் காங்கயம் மாடு மேய்கிற கொறங்காடுகளுக்குத் தலைமுறை தலைமுறையாக முள்கிளுவைதான் வேலி. ஏக்கர் கணக்கான மேய்ச்சல் நிலத்தை அது ஒன்றே காக்கிறது. சீமைக்கிளுவை அதைவிடச் சுறுக்காக வளரும், மண்ணுக்குத் தழை கொடுக்கும், ஆட்டுக்குக் குழை கொடுக்கும். உப்புக் காற்றுப் படுகிற கடற்கரைப் பக்கத்துக்குப் பூவரசைவிட உறுதியானது இல்லை. ஆடும் கழுதையும் கடித்துவிடுமே என்பவர்களுக்கு ஆடாதோடையும் நொச்சியும் இருக்கின்றன. கசப்பால் ஆடு வாய் வைக்காது. கதியாலுக்கு இடையில் அவற்றை நட்டால் இடுப்பளவுக்கு மறைப்பும் வரும். மறைப்பு என்பது சில்லறைக் காரணம் இல்லை. கிணற்றடியில் பெண்கள் குளிக்கிற, உடுப்புத் துவைக்கிற ஊரில் வேலி முதலில் மறைப்புக்குத்தான். அதனால் கதியால் தழைக்கிற முதல் இரண்டு வருடத்துக்கு ஓலையைச் சாத்தியே ஆகவேண்டும். அதைக் கேலி செய்கிற எந்த யோசனையும் இங்கே எடுபடாது. ஓலையை நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள் என்பதுதான் என் ஒரே வேண்டுகோள். கறையான் ஏறாது, மெத்தை சேராது, எலிக்கு ஒதுங்க இடமிராது. கீரியும் ஆமையும் உடும்பும் தங்காமல் கடந்து போகும். நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த ஒரு சாணால் எதுவும் தெரியாது. இங்கிலாந்தில் 2011இலிருந்து வீட்டுத் தோட்ட வேலிகளின் அடியில் 13 சென்ரிமீற்றர் சதுரத்துக்கு ஓட்டை விடச் சொல்லி ஒரு இயக்கம் நடக்கிறது. முள்ளெலி இரவில் தோட்டத்துக்குத் தோட்டம் இரை தேடிப் போகிறது. அது அருகிப் போனதற்கு அடைத்துக் கட்டிய வேலிகளும் ஒரு காரணம். வேலியை அடைத்து முடித்த பிறகு துளை போடத் தொடங்கியிருக்கிறார்கள் அவர்கள். நாம் இன்னும் அடைக்கவில்லை.

எல்லைச் சண்டை வரும், கதியால் தடிக்கத் தடிக்கப் பக்கத்துக் காணிக்குள் நகரும், மதில் என்றால் அந்தப் பிரச்சினையே இல்லை என்பார்கள். தமிழ் பேசுகிற ஊர்களில் வேலிச் சண்டையை லேசாகச் சொல்லிவிட முடியாது. உறுதி தொலைந்து, அயலவர் மாறி, எல்லைக்கல் பற்றைக்குள் புதைந்த காணிகளில் அது இன்னும் கூர்மை. ஆனால் அந்தச் சண்டைக்கு மருந்து நில அளவையாளர் நாட்டுகிற கல்லும் அவர் கீறுகிற படமும். கல் இருந்தால் கதியால் எங்கே நின்றாலும் எல்லை எல்லைதான். கல் இல்லாமல் கட்டிய மதில், சண்டையைச் சீமெந்தால் கட்டி வைத்ததாகத்தான் முடியும்.

பிரிக்கிற வேலைக்குப் பருவம் ஆவணி, புரட்டாதி. மாரி தொடங்கிவிட்டால் தண்ணி நிற்கிற இடத்திலிருந்து எல்லா ஊர்வனவும் மேட்டுக்கும் வேலியடிக்கும் ஒதுங்கும். அப்போது கை வைப்பது அதற்கும் கேடு, நமக்கும் கேடு. நாலு பக்கத்தையும் ஒரே நாளில் பிரிக்க வேண்டாம். ஒரு பக்கம் பிரித்து, அதைத் துப்புரவாக்கிப் பத்து நாள் விட்டு அடுத்ததைத் தொடலாம். குடியிருந்தவை மற்றப் பக்கத்துக்கோ பற்றைக்கோ போக அவகாசம் வேண்டும். புலுனி முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தத் துண்டைக் கடைசிக்கு வைக்கலாம். காலை வெயில் ஏறிய பிறகு, வீட்டுப் பக்க முனையில் தொடங்கிப் பற்றைப் பக்கமாகப் போகவேண்டும். மறுபக்கமாகத் தொடங்கினால் எல்லாம் வீட்டை நோக்கித்தான் ஓடிவரும். முதலில் நீளத் தடியால் அடியைத் தட்டி, ஓலையை மண்வெட்டியாலோ கொக்கத்தடியாலோ இழுக்கவேண்டும். கையை உள்ளே விடக்கூடாது. காலுக்குச் சப்பாத்து வேண்டும். பிள்ளைகளை அண்ட விடக்கூடாது. பழைய ஓலையை நின்ற இடத்திலேயே கொளுத்துகிற வழக்கத்தை விடுங்கள். உள்ளே இருப்பது அத்தனையும் கருகும், நல்ல பசளையும் சாம்பலாகும். அதைத் தென்னையடியில் கிடங்கு வெட்டித் தாட்டால் ஈரம் நிற்கும். பாம்பு கண்டால் விலகி நின்று வழிவிடுவது போதும். கடித்துவிட்டால் கல் வைப்பதும் கீறுவதும் கட்டி இறுக்குவதும் இல்லாமல் நேரே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இலங்கையில் கொடுக்கப்படும் விஷமுறிவு மருந்து நாகம், எட்டடி விரியன், புடையன், சுருட்டை நான்குக்கும் சேர்த்தது. அதனால் அடித்த பாம்பைக் கொண்டுபோய்க் காட்டுவதற்காக நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

கதியாலைக் கையின் மணிக்கட்டுத் தடிப்பில், ஆள் உயரத்துக்கு, அடியைச் சரிவாக வெட்டி எடுங்கள். தோல் உரியாமல் இருக்கவேண்டும். அலவாங்கால் முழ ஆழத்துக்குக் குத்தி, வெட்டுவாய் கீழே இருக்க ஊன்றி, காலால் மிதித்து இறுக்கவேண்டும். ஆடினால் வேர் விடாது. மழை பிந்தினால் வெட்டிய கதியாலை ஒரு கிழமைக்கு நிழலில் நிமிர்த்திச் சாத்தி வைக்கலாம். அதற்கு மேல் மழை இழுத்தடித்தால் கிணற்றுத் தண்ணியை நாலு வாளி ஊற்றியாவது ஊன்றிவிடுவது நல்லது.